இல்லாமல் இருந்து பார்ப்பவள்

அவளுடைய பெயர் எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அது அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள், அது வேறு விஷயம்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசலைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகிற பாதையில் ஒரு ஸ்டோரில் குடியிருந்தோம். ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்து வாடகைக்கு விடுகிற வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முந்தினது அவளுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். அவள் வீட்டுக்காரர் காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். வீடு திரும்பும்போது அவர் வருவதற்கு முன்னாலேயே வெங்காய வாசனை வந்துவிடும்.

அவளும் நானும் ஒரே சமயத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரிகளாக இருந்தோம். எனக்கு மாசம் கொஞ்சம் கூடுதல். அந்த ஒரு வருஷத்துப் பழக்கம்தான். பிறகு அவர்கள் திண்டுக்கல் பக்கம் போனார்கள், நாங்கள் தில்லை நகருக்கு வந்தோம், போக்குவரத்து விட்டுப்போயிற்று. ஆனாலும் இன்றைக்கும் ஏதாவது ஒன்று நின்றுபோகப் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது. முகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கும். சிரிப்பும் தெரியாது, அழுகையும் தெரியாது.

அவள் குடிவந்த புதிதில், சித்திரை மாதம். ஸ்டோருக்குப் பொதுவாக ஒரே ஒரு முனிசிபாலிட்டிக் குழாய். இனிமேல் சாயங்காலத் தண்ணீர் கிடையாது, காலையில் மட்டும்தான் என்று யாரோ வந்து பற்றவைத்துவிட்டுப் போனார்கள். நாங்களெல்லாம் என்ன செய்தோம்? சாயங்காலம் குழாயடியில் குடத்தோடு குடம் மோதி, வாய்க்கு வந்ததைப் பேசி, இருக்கிற வரைக்கும் பிடித்துக்கொள்வோம் என்று முண்டியடித்தோம். அவள் வரவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தண்ணி கொட்டுது. புடிச்சுக்கலையா?" என்று கேட்டேன்.

"நிறுத்தப் போறாங்கல்லக்கா. இல்லாம இருந்து பார்த்துக்கறேன்."

"நிறுத்தறப்போ நிறுத்தட்டுமே! இன்னிக்கு வருதில்ல?"

"இன்னிக்கே பழகிக்கிட்டா, நிக்கிற அன்னிக்குத் தெரியாதுங்கக்கா."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அந்தக் கோடை முழுவதும் சாயங்காலத் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவளும் ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. காலையில் பிடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு, பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, கொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வீட்டுக்காரர் விஷயம் இன்னும் வேடிக்கை. மண்டி முதலாளி அவரைச் சில மாதங்களுக்குத் திண்டுக்கல் கிளைக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தது. அன்றைக்கு ராத்திரியிலிருந்தே அவள் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் இல்லை. சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள். ஆனால் அவர் கேட்டால் பதில் வராது. சாயங்காலம் அவர் வருகிற நேரத்தில் வாசலுக்கு வர மாட்டாள். அந்த மனுஷர் என் வீட்டுக்காரரிடம் வந்து, "நான் ஊர்ல இருக்கறப்பவே என்னை ஊருக்கு அனுப்பி வச்சுட்டா அண்ணே" என்று முறையிட்டார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அந்தத் தடவை திண்டுக்கல் போவது நின்றுபோயிற்று. அதற்குப் பிறகும் அவள் பழையபடி பேச ஆரம்பிக்க வாரக்கணக்கில் ஆயிற்று.

செருப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு நாள், அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்து வழியாக இரண்டு பேரும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கல் பாவின தரை, உச்சி வெயில். "வார் இளகியிருக்குக்கா, அறுந்துடும் போலிருக்கு" என்றாள். அறுந்தால் கழற்றுவார்கள், அறுவதற்கு முன்னாலேயே கழற்றிக்கொண்டு வெறுங்காலில் வெந்துபோய் நடக்கிற பெண்பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்கு நடந்தாள்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாழைக்காய் வாங்கினால் பாதியை எனக்குக் கொடுத்துவிடுகிற கை. ஆனால் கேட்கத் தெரியாது. ஒரு கல் உப்புக்காகக்கூட என் வாசலில் வந்து நின்றதில்லை. நான்தான் தினமும் ஏதாவது ஒன்றுக்கு அவள் வீட்டுப் படியேறுவேன்.

சரி, பால் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தாய் சேய் நல விடுதி இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்குச் சர்க்கார் அங்கே தினமும் காலையில் பால் கொடுத்தது. பவுடர்ப் பால். டின்னில் என்னவோ இங்கிலீஷில் எழுதியிருக்கும். எந்தத் தேசத்து மாடு கறந்ததோ, ஆயா பெரிய அண்டாவில் வெந்நீர் விட்டுத் துடுப்பால் கலக்குவாள். கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு மாதிரி ஈரத் துணி வாசனை அடிக்கும். மசக்கைக்காரிகளுக்குப் பார்த்தாலே குமட்டும். வெல்லத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய், வாயில் அடக்கிக்கொண்டு குடிப்போம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் புருஷனும் பெரிய பிள்ளைகளும் குடித்துவிடுவார்கள் என்று நர்சம்மாவுக்குத் தெரியும். அவரவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே நின்று குடிக்க வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு, தாய்க்குப் பால் பற்றாவிட்டால், குழந்தைக்கென்று பவுடராகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள்.

அவர்கள் குடும்பமே இந்தப் பாலுக்காகத்தான் ஸ்ரீரங்கத்துக்கு வந்திருந்தது. இதை அவள் சொல்லவில்லை, அவள் வீட்டுக்காரர் சொன்னார். திருவெள்ளறையில் கொஞ்சம் நிலம், அண்ணன் தம்பிகளோடு விவசாயம். முதல் குழந்தை பிறந்தபோது அவளுக்குப் பால் சுரக்கவில்லை. அங்கே பவுடரும் கிடையாது, விடுதியும் கிடையாது. குழந்தை தங்கவில்லை. அடுத்தது உண்டானதும் அவர் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பால் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு தேடி, வெங்காயம் நிறுக்க வந்துவிட்டார். "இந்தப் புள்ளைக்குப் பாலுக்குப் பஞ்சமில்லை அண்ணே, கவர்ன்மென்ட்டு குடுக்குது" என்று என் வீட்டுக்காரரிடம் ஏதோ ஜமீன் கிடைத்த மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் போல ஆயா ஆரம்பித்தாள். "குடிச்சுக்குங்கடி, குடிச்சுக்குங்க. டின்னு வரத்துக் கொறைஞ்சிருச்சு. நிறுத்தப் போறாங்களாம்." ஆயாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது. அதனால் சொல்கிறாளா, நிஜமாகவே மேலிடத்திலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. மண்டியிலும் பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் வீட்டுக்காரரும் கவலையோடு வந்து சொன்னார். இரண்டு டம்ளராகக் குடிக்கலாமா என்று யோசித்தேன். வரிசையில் பக்கத்தில் நின்ற அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு காலை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன். டம்ளரில் பாலை வாங்கினாள். அண்டா ஓரமாக ஒதுங்கி நின்று உதட்டில் வைத்தாள். ஆயா அந்தப் பக்கம் திரும்பியதும், டம்ளரை அப்படியே அண்டாவில் கவிழ்த்துவிட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்!

"அடிப்பாவி! என்னடி பண்றே?"

"மெதுவாக்கா."

"என்ன மெதுவா? எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நிறுத்தப் போறாங்களாமே. இல்லாம இருந்து..."

அதற்குள் ஆயா கத்திவிட்டாள். "அதானே பார்த்தேன்! அளந்துதான் கலக்கறேன், அண்டாவுல தினம் மிச்சம் நிக்குதேன்னு நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். இவ வேலையா?"

சத்தம் கேட்டு நர்சம்மா வெளியே வந்தார். உயரமான, கண்ணாடி போட்ட அம்மா. கத்த மாட்டார். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு, அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "வெளுத்துக் கெடக்கு. கவர்ன்மென்ட்டு இன்னும் நிறுத்தலையேம்மா. நீயே நிறுத்திட்டியே" என்றார். அவள் காலியான டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். என் வாய் சும்மா இருக்காது. உன் வீட்டுக்காரர் நிலத்தை விட்டுவிட்டு வந்தது எதற்கு, வயிற்றில் இருக்கிற ஜீவன் உன்னிடம் வந்து பழகிக்கொள்கிறேன் என்று சொன்னதா என்றெல்லாம் கேட்டேன். அவள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மொதல்ல பொறந்தது பொண்ணுக்கா," என்றாள். "கடைசியா துறையூர் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். பொழைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. எங்கம்மா மடியிலயே வச்சுக்கிட்டிருந்தாங்க. நான் எழுந்து போயி வராந்தா கோடியில உக்காந்துக்கிட்டேன். அங்கேருந்து பார்த்தா தெரியாது. அழுதா மட்டும் கேக்கும். அப்படியே இருந்து பழகிக்கிட்டேன். அது போனப்போ எங்கம்மா மயக்கமே போட்டுட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை."

சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு அவள் மேல் பயம் வந்தது என்றே சொல்ல வேண்டும். அவள் எழுந்து போய் உலை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி களைகிற சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். "நீ குடிச்சு முடிக்காம நான் வாயில வைக்க மாட்டேன். என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் சேரும்" என்று மிரட்டினேன். அதற்குக் கொஞ்சம் மசிந்தாள். தனக்கென்றால் கல்லு, அடுத்தவருக்கென்றால் இளகுவாள். ஆனாலும் பேரம் பேசினாள். "ஒரு நாள் குடிக்கறேன்கா. ஒரு நாள் பழகிக்கறேன்." இந்த மாதிரி ஒரு பேரத்தைக் காந்தி மார்க்கெட்டில்கூடக் கேட்டிருக்க முடியாது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. முடிவில் நான்தான் இறங்கிவந்தேன். குடிக்கிற நாளில் கட்டியையும் விடாமல் சுரண்டிக் குடித்துவிடுவாள்.

ஆயா சொன்ன கடைசி டின் வந்துகொண்டே இருந்தது. ஆவணியில் கடைசி என்றாள், புரட்டாசியில் கடைசி என்றாள். ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு போய்க் குடித்தோம். கார்த்திகையில் எனக்குப் பையன் பிறந்தான். நல்ல கனம், நல்ல தொண்டை. எனக்கும் பால் என்றால் அப்படி ஒரு பால். ரவிக்கை நனைந்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு திரிவேன். மார்கழியில், ஏகாதசிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த நாளில், அவளுக்குப் பெண் பிறந்தது. வண்டி உள்ளே வர முடியாமல் நர்சம்மா கூட்டத்தில் நீந்தித்தான் வந்தார். ஒல்லிக் குழந்தை. ஆனால் அழுகைக்குக் குறைச்சல் இல்லை. கோவிந்தா கோவிந்தா என்று வெளியே ஜனங்கள் போட்ட சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

பயந்த மாதிரியே ஆயிற்று. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. நர்சம்மா குழந்தையை மார்பில் விட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு சொட்டு வந்தால் பெரிது. விடுதிப் பவுடரைக் கரைத்துச் சங்கில் ஊற்றித்தான் குழந்தை வளர்ந்தது. திருவெள்ளறையிலிருந்து வந்திருந்த அவள் அம்மாவும் தை அறுப்பு என்று கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் அந்தக் குழந்தையைக் கவனித்துக்கொண்டதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. நேரத்துக்குக் குளிப்பாட்டுவாள், நேரத்துக்குச் சங்கு. ஆனால் கொஞ்ச மாட்டாள். பெயர் வைத்திருந்தார்கள், அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "இது தூங்குதுங்கக்கா", "இது குடிச்சிருச்சு". இது, இது. அவள் வீட்டுக்காரர் வெங்காய வாசனையோடு வந்து குழந்தை வயிற்றில் மூக்கை வைத்துச் சத்தம் பண்ணி விளையாடுவார். அவள் சுவரோரம் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்கிட்ட இருக்கறது ரெண்டுக்கும் பத்தும். குடு, நான் பால் குடுக்கறேன்" என்று ஒரு நாள் கையை நீட்டினேன்.

"வேண்டாங்கக்கா. உங்ககிட்ட பழகிடும்."

"பழகட்டுமே! நல்லதுதானே?"

"நீங்க வீடு மாத்திப் போயிட்டீங்கன்னா?"

"நான் எங்கடி போறேன்?"

"போகமாட்டேன்னு இல்லைங்களே" என்றாள். கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தில் அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை. பொட்டலம் வாங்கத் தாய்மார்கள் எல்லாம் விடுதியில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பொட்டலம் கிடையாது, அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன். நர்சம்மா வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "நாளையிலேருந்து பவுடர் இல்லைம்மா. மேல நிறுத்திட்டாங்க. மறுபடி எப்போ வரும்னு எனக்கே தெரியாது" என்றார். கூச்சல் கிளம்பியது. ஒருத்தி ஆயாவை அடிக்கப் போனாள். எத்தனையோ மாதங்களாகக் கடைசி கடைசி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆயாவே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கவர்ன்மென்ட்டையும் அதன் ஏழு தலைமுறையையும் திட்டினேன். பிற்பாடு எத்தனையோ தடவை அந்தப் பவுடர் வந்தது, எத்தனையோ தடவை நின்றது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாதே.

இவள் மட்டும் நர்சம்மாவிடம் போனாள். "இன்னிக்கு உண்டுங்களா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு உண்டும்மா."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் நான்தான் அழுதேன். "பசும்பாலைத் தண்ணி விட்டுக் காய்ச்சிக் குடுக்கலாம், ஏதாவது பண்ணலாம்" என்று பிதற்றிக்கொண்டே வந்தேன். முதல் குழந்தைக்கு அதுதான் கொடுத்தோம், வயிற்றால் போயிற்று என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை, அவள் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, என் வாசலில் வந்து நின்றாள். கையில் குழந்தை. அதன்மேல் துணியில் சுற்றிய சங்கும் மிச்சமிருந்த பவுடரும்.

"சாயங்காலம் வரைக்கும் இதை வச்சுக்குங்கக்கா."

"எங்க போறே?"

"எங்கேயும் போகலை. வீட்லதான் இருப்பேன்."

"பின்னே எதுக்கு?"

"இல்லாம இருந்து பார்க்கணும்."

நிஜமாகச் சொல்கிறேன், ஓங்கி ஒன்று அறைந்திருப்பேன், அவள் கையில் குழந்தை மட்டும் இல்லாவிட்டால். "ஏண்டி, இது கொழாத் தண்ணியாடி? செருப்பாடி?" என்று கத்தினேன். அவள் குழந்தையை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் பின்னாலேயே போய்க் கதவை உடைத்திருக்கலாம். போகவில்லை. அந்தக் குழந்தை என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

என் பையனைத் தூளியில் போட்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் பெருக்குகிற சத்தம். பெருக்கி முடித்தாள். மறுபடி பெருக்கினாள். அப்புறம் பாத்திரங்களை இறக்கித் தேய்த்தாள். தேய்த்த பாத்திரங்கள்தான், எனக்குத் தெரியும். அப்புறம் அம்மியில் எதையோ வைத்து அரைத்தாள். வெறும் கல்லோடு கல் உரசுகிற சத்தம்போல இருந்தது. குழந்தை சிணுங்கியது. சங்கை எடுத்தேன். வாயைத் திருப்பிக்கொண்டது. பிறகு வீறிட்டு அழ ஆரம்பித்தது.

அம்மிச் சத்தம் நின்றது.

நான் யாரையும் கேட்கவில்லை. வீடு மாறிப் போகிறேனோ இல்லையோ, பசித்து அழுகிற குழந்தைக்கு என்ன நியாயம் வேண்டியிருக்கிறது? ரவிக்கையை அவிழ்த்து மார்பில் வைத்தேன். முதலில் தெரியாமல் முட்டியது, பிறகு கப்பென்று பிடித்துக்கொண்டது. என் பையன் குடிப்பதைவிட வேகமாகக் குடித்தது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அழுகைச் சத்தம் நின்று, வீடே ஓய்ந்துபோயிற்று. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு அவள் வீட்டுக் கதவு தடாலென்று சுவரில் மோதியது. ஓடிவந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. தலை அவிழ்ந்து தொங்கியது, கையெல்லாம் சாம்பல். என் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் நின்னுருச்சே," என்றாள்.

"பால் குடிக்குதுடி. கண்ணைத் திறந்து பாரு."

பார்த்தாள். முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளே வந்து, என் எதிரில் சுவரைப் பிடித்துச் சரிந்துதான் உட்கார்ந்தாள். குழந்தையின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் காலை ஒரு விரலால் தொட்டாள். பிறகு பாதத்தைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"முடியலைங்கக்கா."

"என்ன முடியலை?"

"இருந்து பார்த்தேன். இது இல்லாம முடியலை."

குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டேன். அது விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற மாதிரி மறுபடி பிடித்துக்கொண்டது. தூளியில் என் பையன் விழித்துக்கொண்டு முனகினான். அவனும் பசிக்குத்தான் முனகுகிறான் என்று அவளுக்கும் தெரிந்தது. அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"அக்கா," என்றாள். "நாளைக்கும் வேணும்."

நான் தலையை ஆட்டினேன். அது அவளுக்குப் போதவில்லை. குழந்தையின் பாதத்தை விடாமல், அதே வறண்ட குரலில், இன்னும் கேட்டாள்.

"நாளன்னைக்கும் வேணும்கா. அதுக்கு மறுநாளும் வேணும்."